பேக்கப் நின்றுவிட்டதா? அடையாளத்தைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

"தம்பி, பேக்கப் ஒவ்வொரு நாளும் தானாப் போகுதுதானே?" திருகோணமலையில் மருந்தகம், விடுதி, ஹார்ட்வெயார் கடை என்று கணினி பார்க்கப் போகும் இடங்களில் எல்லாம் இந்தக் கேள்வி வரும். கேட்பவர் எப்போதோ யாரோ அமைத்துக் கொடுத்ததை நம்பி இருப்பவர். நான் கடைக் கணினியைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. பிரதி போய்ச் சேரும் இடத்தை அவருடைய போனிலேயே திறந்து, கடைசியாக வந்த ஃபைலின் திகதியைக் காட்டுவேன். சில இடங்களில் அது நேற்றைய திகதி. சில இடங்களில் போன வருடத்தது.

ஒரே பிழைகள் திரும்பத் திரும்ப வருவதால் அவற்றை அடையாளப்படி பிரித்து எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு கூடியது பின்னால் வரும். கடைக்குள் விண்டோஸ் கணினியில் டாஸ்க் ஷெடியூலர் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் கருவி) வைத்திருப்பவர்களுக்கும், வாடகை லினக்ஸ் சேர்வரில் கிரொன் (லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் கருவி) மூலம் மைஎஸ்கியூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை அனுப்புகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

## எதையும் தொடுவதற்கு முன்

சேருமிடத்தைத் திறந்து மூன்றைப் பாருங்கள். கடைசி ஃபைலின் திகதி என்ன? அதன் அளவு போன வார ஃபைலோடு ஒத்துப்போகிறதா? அதை இறக்கினால் திறக்கிறதா?

திகதி பழையது என்றால் அடுத்த பகுதி. திகதி சரி, அளவு சின்னது என்றால் அதற்கடுத்தது. திறக்கவே முடியவில்லை, அல்லது திறந்தால் தமிழ் குழம்பிக் கிடக்கிறது என்றால் 'மீட்க முடியவில்லை' என்ற பகுதி. அனுப்பிய கணினியின் லொக்கில் (நடந்ததைப் பதியும் குறிப்பில்) 'வெற்றி' என்று இருந்தாலும் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கடிதம் கிடைத்ததா என்று பெற்றவரிடம்தானே கேட்போம்.

பிழை தேடத் தொடங்கும் முன் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் கையால் ஒரு பிரதி எடுத்து, அதைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வையுங்கள். பதினைந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் நான் யாருடைய அமைப்பிலும் கை வைப்பதில்லை.

## அடையாளம்: புதிய ஃபைல் ஒன்றும் வரவில்லை

### அந்த நேரத்தில் கணினி ஓடியதா?

உப்புவெளியில் ஒரு விடுதி. பேக்கப் இரவு 2 மணிக்கு. வரவேற்பில் இருக்கும் அக்கா 11 மணிக்குக் கணினியை அணைத்து, சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். மின்கட்டணத்தை நினைத்துச் செய்கிறார், அதில் பிழையே இல்லை. இரவு 2 மணி என்பது எப்போதும் ஓடும் சேர்வர்களுக்குப் பழகிய நேரம். கடைக்கு அது பொருந்தாது. மதியம் ஆட்கள் குறைந்த நேரமாக, 2.30க்கு மாற்றினேன். அதோடு பிரச்சினை முடிந்தது.

விண்டோஸில் இன்னும் இரண்டு பெட்டிகளைப் பாருங்கள். நேரம் தவறினால் முடிந்தவரை சீக்கிரம் ஓட்டச் சொல்லும் பெட்டியில் சரிக்குறி இருக்க வேண்டும். மின்சாரத்தில் இணைந்திருந்தால் மட்டும் தொடங்கச் சொல்லும் பெட்டி ஆரம்பத்திலேயே சரிக்குறியோடு வரும். லப்டொப்பில் வேலை செய்பவர்கள் அதை எடுத்துவிட வேண்டும். லினக்ஸில் கிரொன் தவறிப்போன நேரத்தைத் திரும்ப ஓட்டாது. நாள் முழுக்க ஓடாத கணினிக்கு அனக்ரொன், அல்லது தவறியதை நினைவில் வைக்கும்படி அமைத்த சிஸ்டம்டி டைமர்தான் சரி.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தபோது, இரவு ஒரே ஒரு நேரத்தை நம்பியிருந்த அமைப்புகள் எல்லாம் தடுமாறின. அன்று முதல் நான் எந்த அமைப்பிலும் நாளுக்கு இரண்டு நேரம் வைக்கிறேன்.

### கணினியின் நேரம் சரியா?

நீண்ட கரண்ட் கட் முடிந்து கணினியைப் போட்டால் திகதி பல வருடம் பின்னால் போயிருக்கும். வங்கித் தளம் கூடத் திறக்காமல் சான்றிதழ் பிழை என்று சொல்லும். இப்படி என்றால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 காசு பற்றரி செத்துவிட்டது. விலை குறைந்த சாமான்தான். மாற்றிவிட்டு, நேரத்தை இணையத்திலிருந்து தானாக எடுக்கும்படி வையுங்கள்.

வாடகை சேர்வர் என்றால் வேறு கதை. அது பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். அங்கே இரவு 2 மணி என்று எழுதினால் இங்கே காலை 7.30. ஃபைல் வரவில்லை என்று காலை 6 மணிக்கே போன் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். வந்துகொண்டுதான் இருந்தது, ஒன்றரை மணி நேரம் கழித்து.

### கையால் ஓட்டினால் போகிறது, தானாகப் போகவில்லை

அதிகம் ஆட்களை அலைக்கழிப்பது இதுதான். ஸ்கிரிப்டில் பிழை இல்லை. நீங்கள் ஓட்டும்போது உங்கள் பெயரில், உங்கள் அமைப்புகளோடு ஓடுகிறது. தானாக ஓடும்போது அவை ஒன்றும் இல்லாமல் வெறும் கையோடு ஓடுகிறது.

விண்டோஸில் முதலில் டாஸ்க் வரலாற்றை இயக்குங்கள். அது ஆரம்பத்தில் அணைந்தே இருக்கும், அதனால்தான் பலருக்கு எந்தத் தடயமும் கிடைப்பதில்லை. பிறகு ஒழுங்காகப் பாருங்கள். ஸ்கிரிப்ட் இசட் டிரைவ் மாதிரி ஒரு வலையமைப்பு எழுத்தை நம்பியிருக்கிறதா? யாரும் உள்நுழையாத வேளையில் அந்த எழுத்து இருக்காது. இரண்டு பின்சாய்கோட்டில் தொடங்கும் முழு முகவரியை எழுதுங்கள். எந்தக் கோப்புறையில் தொடங்க வேண்டும் என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறதா? அப்படியென்றால் ஸ்கிரிப்ட் விண்டோஸின் சிஸ்டம்32க்குள் நின்றுகொண்டு உங்கள் ஃபைலைத் தேடும். அப்புறம், அண்மையில் கணினியின் பாஸ்வேர்டை மாற்றினீர்களா? டாஸ்க்கில் பழைய பாஸ்வேர்ட்தான் பதிந்திருக்கும். டாஸ்க்கைத் திறந்து புதியதைக் கொடுத்துச் சேமித்தால் போதும்.

லினக்ஸில் கிரொனுக்குத் தெரிந்த பாதை மிகவும் குறுகியது. நிரல்களின் முழுப் பாதையையும் எழுதிவிடுங்கள். ஆர்குளோனை (ஃபைல்களைக் கிளவுட்டுக்கு அனுப்பும் கருவி) உங்கள் பயனர் பெயரில் அமைத்துவிட்டு, ரூட்டின் (லினக்ஸின் தலைமைப் பயனரின்) கிரொனில் ஓட்டினால் ரூட்டுக்கு அந்த அமைப்புத் தெரியாது. அமைப்புக் கோப்பு எங்கே என்று கட்டளையிலேயே சொல்ல வேண்டும். இன்னொன்று: ஃபைல் பெயரில் திகதி போடுவதற்காக கிரொன் வரியிலேயே % குறியை எழுதினால், கிரொன் அதைப் புதிய வரி என்று எடுத்துக்கொண்டு கட்டளையை அந்த இடத்திலேயே வெட்டிவிடும். ஒவ்வொரு % குறிக்கும் முன்னால் பின்சாய்கோடு போடுங்கள், அல்லது திகதியைத் தனி ஸ்கிரிப்டுக்குள் கொண்டுபோங்கள். கையால் ஓட்டும்போது இந்தப் பிழை வரவே வராது. ஒரு தடவை இதற்காக ஒரு முழு மாலைப் பொழுது போனது.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: கணினி தானாக அணைகிறது, அல்லது ஹார்ட் டிஸ்கில் டிக் டிக் என்று சத்தம் கேட்கிறது. சத்தம் கேட்டால் பேக்கப்பைத் திரும்ப ஓட்டிப் பார்க்காதீர்கள். சாகும் டிஸ்கை முழுக்க வாசிக்கச் சொல்வது அதன் கடைசி மூச்சை வாங்கிவிடும். அணைத்துவிட்டுத் தரவு மீட்பு செய்பவரிடம் கொடுங்கள்.

## அடையாளம்: ஃபைல் வருகிறது, ஆனால் அளவு சின்னது

தினமும் ஒழுங்காக ஒரு ஃபைல். திகதியும் சரி. அளவைப் பார்த்தால் 20 பைட். இந்த 20 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். ஒன்றுமே இல்லாததை ஜிஸிப் என்ற கருவி சுருக்கினால் கிடைக்கும் ஃபைலின் அளவு அது. அதாவது தரவுத்தளத்திலிருந்து ஒரு எழுத்துக்கூட வெளியே வரவில்லை. வெறுமையை அழகாகச் சுருக்கி, தினமும் கிளவுட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

பாஸ்வேர்ட். தரவுத்தளப் பாஸ்வேர்டை யாரோ மாற்றியிருப்பார்கள், ஸ்கிரிப்டில் பழையது இருக்கும். போஸ்ட்கிரெஸ் என்றால் பாஸ்வேர்ட் கோப்பின் அனுமதி 0600 ஆக இருக்கிறதா பாருங்கள். மற்றவர்கள் வாசிக்கும்படி இருந்தால் போஸ்ட்கிரெஸ் அந்தக் கோப்பைக் கணக்கில் எடுக்காது.

பதிப்பு. சேர்வரைப் புதுப்பித்தபின் பிரதி எடுக்கும் கருவி பழையதாகவே நின்றுவிடும். போஸ்ட்கிரெஸின் டம்ப் கருவி (தரவுத்தளத்தை ஒரு ஃபைலாக எழுதித் தருவது) தன்னைவிடப் புதிய பெரும் பதிப்பைத் தொடாது. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களை வைக்கும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் தவறான சேர்வரில் தரவை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப் போனால் கிளவுட்டில் பிரதிகள் சேரும் இடம் வெறுமையாக இருந்தது. தரவுத்தளம் 9.6, டம்ப் கருவி 9.2. நாள்தோறும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அவர்கள் அதை ஒளிக்காமல் முழுமையாக எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மையால்தான் இன்று எனக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிகிறது.

டிஸ்க் நிரம்பியது. டம்ப் முதலில் அதே கணினியில் ஒரு தற்காலிக ஃபைலாக எழுதப்படும். இடம் இல்லாவிட்டால் பாதியில் வெட்டுப்படும். இங்கே ஃபைல் 20 பைட்டாக இருக்காது, வழமையின் பாதியாகவோ முக்காலாகவோ இருக்கும். மைஎஸ்கியூஎல் டம்ப்பின் கடைசி வரியைப் பாருங்கள். டம்ப் முடிந்தது என்று திகதியோடு ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் அது அரைகுறைப் பிரதி.

இவற்றில் எது காரணமானாலும், இரண்டாவது ஒரு பிழையும் அங்கே இருக்கிறது: தோற்றதை ஸ்கிரிப்ட் வெற்றி என்று சொன்னது. டம்ப்பைக் குழாய் (| குறி) வழியாக ஜிஸிப்புக்கு அனுப்பினால் கடைசியில் உள்ள ஜிஸிப்பின் முடிவைத்தான் ஷெல் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) எடுத்துக்கொள்ளும். ஜிஸிப்புக்குத் தோல்வி தெரியாது. பேஷ் ஷெல்லில் எழுதிய ஸ்கிரிப்டின் தொடக்கத்தில், குழாயில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்ல வைக்கும் பைப்ஃபெயில் அமைப்பைப் போடுங்கள். அதோடு ஒரு வரி: ஃபைல் நேற்றையதைவிட வெகுவாகச் சிறிதென்றால் ஏற்றாமல் எச்சரிக்கை அனுப்பு. என்னிடம் கேட்டால் இந்த ஒரு வரி மற்ற எல்லாவற்றையும்விடப் பெறுமதியானது.

## அடையாளம்: நின்று பல வாரமானது யாருக்கும் தெரியவில்லை

எச்சரிக்கை மின்னஞ்சல் வைத்திருந்தும் வரவில்லை என்பார்கள். கிட்லாப்பிலும் அதுதான் நடந்தது: தோல்வி மின்னஞ்சல்கள் உரிய கையொப்பம் இல்லாததால் பெறும் பக்கத்தில் நிராகரிக்கப்பட்டன. சின்னச் சேர்வரிலிருந்து நேரே அனுப்பும் மின்னஞ்சலுக்கு ஸ்பேம் பெட்டிதான் வழமையான இடம்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. கணினியே ஓடவில்லை என்றால் தோல்விச் செய்தி அனுப்ப யார் இருக்கிறார்கள்? ஆகவே முறையைத் திருப்பிப் போடுங்கள். வெற்றி பெற்றால் ஸ்கிரிப்ட் வெளியே உள்ள ஒரு கண்காணிப்புச் சேவையைத் தட்ட வேண்டும். குறித்த நேரத்துக்குள் தட்டு வரவில்லையென்றால் அந்தச் சேவை உங்கள் போனுக்குச் செய்தி அனுப்பும். இலவசமாகவே கிடைக்கிறது. ஸ்கிரிப்டில் ஒரு வரிதான் கூடும். ஆனால் அந்தத் தட்டு, ஏற்றி முடித்து, அளவையும் சரிபார்த்த பிறகுதான் போக வேண்டும். ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே தட்டிவிட்டால் அந்த ஏற்பாட்டால் பயனில்லை.

## அடையாளம்: ஏற்றம் பாதியில் நிற்கிறது, காலையாகியும் முடியவில்லை

பிழை தேட முன் ஒரு கணக்குப் போடுங்கள். உங்கள் இணைப்பு விளம்பரத்தில் சொல்லும் வேகம் பெரும்பாலும் இறக்கும் வேகம். பேக்கப்புக்குத் தேவை ஏற்றும் வேகம். 10 ஜிபி ஃபைலை ஏற்ற, ஏற்றும் வேகம் 4 எம்பிபிஎஸ் என்றால் ஐந்தரை மணி நேரம். 1 எம்பிபிஎஸ் என்றால் 22 மணி நேரம். நிலாவெளிப் பக்கம் 4ஜி ரூட்டரை நம்பி இருப்பவர்கள் மே முதல் செப்டெம்பர் வரை, விருந்தினர் எல்லாம் அதே இணைப்பில் படம் பார்க்கும் காலத்தில், ஒரு தடவை மாலையில் அளந்து பாருங்கள். எண்ணிக்கை உங்களுக்கே விடையைச் சொல்லும்.

காசில்லாத வழி: ஏற்ற வேண்டியதைக் குறையுங்கள். நான் பார்த்த ஒரு கடையில் பேக்கப்புக்குள் மென்பொருள் நிறுவும் ஃபைல்களும், மகனின் திருமண வீடியோவும் தினமும் போய்க்கொண்டிருந்தன. வீடியோ முக்கியம்தான், ஆனால் அதை ஒரு தடவை தனியாக ஏற்றினால் போதும். அடுத்து, மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் ரெஸ்டிக் போன்ற கருவிக்கு மாறுங்கள். முதல் தடவை மட்டும் நீளும். அதை ஒரு நல்ல இணைப்புள்ள இடத்துக்கு ஹார்ட் டிஸ்கில் கொண்டுபோய் ஏற்றிக்கொள்ளலாம்.

நேற்றையது முடிய முன் இன்றையது தொடங்குகிறதா? இரண்டும் ஒரே இணைப்புக்குச் சண்டை பிடித்து இரண்டுமே தோற்கும். மூன்றாவது நாள் மூன்று. லினக்ஸில் ஃப்ளொக் என்ற சிறிய பூட்டு இதைத் தடுக்கும். விண்டோஸ் டாஸ்க்கில் ஏற்கெனவே ஓடினால் புதியதைத் தொடங்காதே என்ற தெரிவு உண்டு.

டேட்டா அளவு முடிந்துவிட்டதா? மாத நடுவில் வேகம் திடீரென்று விழுந்தால் பக்கேஜைப் பாருங்கள். இரவு நேர டேட்டா தனியாக உள்ள பக்கேஜ் என்றால் பேக்கப்பை அந்த மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்குளோனில் வேக வரம்பை நேரப்படி கொடுக்கலாம்: பகலில் கொஞ்சம், இரவில் முழுவதும். பில் போடும் கணினி பகலில் இழுபடாது.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஒரே நேரத்தில், எல்லா நாளும் அறுந்தால் ரூட்டர் அமைப்பு. மழைக்கும் காற்றுக்கும் அறுந்தால் கம்பி. கடலோரத்தில் உப்புக் காற்று இணைப்பு முனைகளைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் உங்கள் இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டு, வெளிக் கம்பியின் முனைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அதை நீங்களே ஏறிப் பார்க்க வேண்டாம்.

## அடையாளம்: அனுமதி இல்லை என்கிறது

சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

ஒவ்வொரு வாரமும் சரியாக ஏழு நாளில் கூகுள் டிரைவ் தொடர்பு அறுகிறது என்றால், நீங்களே உருவாக்கிய கூகுள் அனுமதிச் செயலி இன்னும் சோதனை நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் கொடுக்கப்படும் அனுமதிக்கு ஏழு நாள்தான் ஆயுள். வெளியீட்டு நிலைக்கு மாற்றி, மறுபடி அனுமதி கொடுங்கள்.

அமேசான் எஸ்3 (அமேசானின் கிளவுட் சேமிப்பிடம்) நேரம் பிசகியது என்று மறுத்தால் கணினியின் நேரம் 15 நிமிடத்துக்கு மேல் தவறியிருக்கிறது. பற்றரிக் கதைக்குத் திரும்பிப் போங்கள்.

எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக அனுப்பும்போது சேர்வரின் அடையாளச் சாவி மாறிவிட்டது என்று பெரிய எச்சரிக்கை வந்தால், சேர்வரைப் புதிதாக நிறுவினீர்களா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆம் என்றால் பழைய சாவியை நீக்கலாம். இல்லை என்றால் நீக்காதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் பணம் கட்டும் அட்டை காலாவதியாகிவிட்டதா பாருங்கள். கிளவுட் நிறுவனத்தின் நினைவூட்டல், யாரும் திறக்காத ஒரு மின்னஞ்சல் முகவரிக்குப் போயிருக்கும்.

## அடையாளம்: சேருமிடம் நிரம்பிவிட்டது

அழித்தும் இடம் திரும்பவில்லை என்றால் அழித்தது எங்கே போனது என்று பாருங்கள். கூகுள் டிரைவில் குப்பைப் பெட்டிக்குள் 30 நாள் கிடக்கும், அதுவும் கணக்கில் சேரும். இலவச 15 ஜிபி, ஜிமெயிலோடும் போட்டோஸோடும் பகிர்ந்த இடம் என்பதையும் மறக்க வேண்டாம். ரெஸ்டிக்கில் பழைய பிரதியை மறக்கச் சொன்னால் மட்டும் இடம் வராது, கழித்தெடுக்கும் கட்டளையையும் ஓட்ட வேண்டும். எஸ்3யில் பாதியில் அறுந்த ஏற்றங்களின் துண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து பில்லில் ஏறும். சில நாளில் அவற்றைத் தானாக நீக்கும் விதியொன்றைப் போடுங்கள்.

எத்தனை நாள் வைப்பது? கடைகளுக்கு நான் வைப்பது 7 நாள், 4 வாரம், 12 மாதம். வரிக் கணக்கு கேட்டு வரும்போது மாதப் பிரதிதான் கைகொடுக்கும்.

## அடையாளம்: எல்லாம் ஒழுங்கு, ஆனால் மீட்க முடியவில்லை

### ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளத்தை அப்படியே கொப்பி எடுத்திருந்தால்

கோப்புறையை இழுத்துப் போட்டால் பேக்கப் என்று நினைப்பவர்கள் நிறைய. ஓடும் தரவுத்தளம் ஒவ்வொரு நொடியும் எழுதிக்கொண்டிருக்கும். கொப்பியின் முன்பாதி ஒரு நேரத்தையும் பின்பாதி இன்னொரு நேரத்தையும் காட்டும். அதற்குரிய டம்ப் கருவியால்தான் எடுக்க வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் ஒரே பரிவர்த்தனைக்குள் எடுக்கும் தெரிவு இனோடிபி என்ற வகை அட்டவணைகளுக்கு மட்டும் பாதுகாப்பு. பழைய மென்பொருளில் மைஐசாம் என்ற வகை அட்டவணை இருந்தால் பூட்டி எடுக்க வேண்டும்.

பில் போடும் மென்பொருள்கள் பலவற்றின் பின்னால் இருப்பது எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸ். அதற்குள் நேரம் குறித்து ஓட்டும் ஏஜென்ட் கிடையாது. மென்பொருளுக்குள் பேக்கப் பொத்தான் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். யாராவது அதை அழுத்தினால்தான் பிரதி. டாஸ்க் ஷெடியூலரிலிருந்து கட்டளை கொடுத்து எடுத்து, பிறகு ஏற்றுங்கள்.

### தமிழ் எழுத்துகள் குழம்பிக் கிடந்தால்

தமிழில் பெயர் பதியும் மருந்தகங்களிலும் பள்ளிகளிலும் இது தவறாமல் வரும். பதறாமல் என்ன வகைக் குழப்பம் என்று பாருங்கள்.

வெறும் கேள்விக்குறிகளா? டம்ப் ஃபைலை ஒரு எழுத்துத் தொகுப்பியில் திறங்கள். அங்கே தமிழ் நன்றாகத் தெரிந்தால், மீட்கும்போதுதான் பிசகியிருக்கிறது. இணைப்பின் எழுத்துக் குறியீட்டை யூடிஎஃப்8எம்பி4 என்று கொடுத்து மறுபடி மீட்டெடுங்கள். டம்ப்பிலேயே கேள்விக்குறி என்றால் அந்தப் பிரதியில் தமிழ் போய்விட்டது, எந்தக் கருவியாலும் வராது. மூலக் கணினி உயிரோடு இருந்தால் இன்றே புதிதாக எடுங்கள்.

தலையில் கோடு வைத்த ஐரோப்பிய எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் மாறி மாறி வருகிறதா? இது நல்ல செய்தி. தரவு அழியவில்லை, மூன்று பைட் தமிழ் எழுத்தை ஒவ்வொரு பைட்டாக வாசித்திருக்கிறது. திருப்பி மாற்றலாம். பிரதியின் பிரதியில் செய்து பாருங்கள்.

அரைப்புள்ளியும் சின்ன ஆங்கில எழுத்துகளும் கலந்து அர்த்தமில்லாமல் கிடக்கிறதா? அது பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் பதிந்த பழைய தரவு. புதிய கணினியில் பாமினியை நிறுவியதும் தமிழாகிவிடும். பேக்கப் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பழைய பதிவுகளை அழித்தவர்களை எனக்குத் தெரியும். அது எனக்கு இன்றும் மனதை வருத்தும் விஷயம்.

விண்டோஸ் பவர்ஷெல்லில் அம்புக்குறி போட்டு டம்ப்பை ஃபைலாக எழுதியிருந்தால் அது யூடிஎஃப்16 குறியீட்டில் சேமிக்கப்படும், மைஎஸ்கியூஎல் அதை உள்ளே எடுக்காது. முடிவுக் கோப்பின் பெயரை டம்ப் கருவிக்கே கொடுக்கும் தெரிவைப் பயன்படுத்துங்கள்.

### பூட்டின் சாவி இல்லை

பிரதியைக் குறியாக்கம் செய்து அனுப்புவது சரிதான். ஆனால் அதன் பாஸ்வேர்ட் செத்துப்போன அதே கணினிக்குள் மட்டும் இருந்தால் பிரதி இருந்தும் இல்லை. ரெஸ்டிக் பாஸ்வேர்ட் தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது. தாளில் எழுதி, உறைக்குள் போட்டு, கடைக்கு வெளியே, நீங்கள் நம்பும் ஒருவர் வீட்டில் வையுங்கள். அந்த வீடு கடற்கரைத் தெருவில் வேண்டாம். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிரதான வீதிக் கடையின் ஒரே பிரதியை உப்புவெளி வீட்டு ஹார்ட் டிஸ்கில் வைத்து 'தொலைவில்' என்று சொல்வதும் இதே காரணத்தால் போதாது. பெரிய நிறுவனத்தில் வைத்தாலும் எந்த ஊரில் இருக்கிறது என்று கேளுங்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, சேர்வரையும் பிரதியையும் அதே வளாகத்தில் வைத்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வேறொரு கணினியில் முழுவதும் மீட்டுப் பாருங்கள். நேற்று போட்ட கடைசி பில்லை அதில் தேடுங்கள். இருந்தால் உங்களிடம் பேக்கப் இருக்கிறது.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: மூலமும் போய், இருக்கும் ஒரே பிரதியும் திறக்கவில்லை. அந்தப் பிரதியில் ஒன்றும் செய்து பார்க்காதீர்கள். கொப்பி ஒன்று எடுத்து, மூலப் பிரதியைத் தொடாமல் தரவுத்தளம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

## அடையாளம்: இங்கே அழிந்தது அங்கேயும் அழிந்துவிட்டது

இங்கே ஒரு கோப்புறையை அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்) பூட்டினால் பூட்டிய ஃபைல் அங்கேயும் போகும். இது பேக்கப் அல்ல, ஒத்திசைவு. ஆர்குளோனில் ஒத்திசைக்கும் கட்டளைக்குப் பதில் கொப்பி எடுக்கும் கட்டளையைப் பாவியுங்கள். அத்தோடு சேருமிடத்தில் பழைய பதிப்புகளை வைக்கும் வசதியை இயக்குங்கள். இரண்டுமே சில நிமிட வேலை.

அடுத்த படி, சேருமிடத்துக்குள் நுழையக் கடைக் கணினியில் வைத்திருக்கும் சாவிக்கு எழுத மட்டும் உரிமை, அழிக்க உரிமை இல்லை. குறித்த நாள் வரை யாராலும் அழிக்க முடியாத பூட்டும் சில சேமிப்பிடங்களில் உண்டு. 2023 ஆகஸ்டில் இலங்கை அரச கிளவுட்டை ரான்சம்வேர் தாக்கியபோது, அதோடு இணைந்திருந்த பிரதியும் சேர்ந்து பூட்டப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை. ஆகவே கடைசியாக, மாதம் ஒரு பிரதி கழற்றி வைக்கும் ஹார்ட் டிஸ்கில். இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிப் பாவிப்பது நல்லது.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஃபைல்களின் பெயர் நீண்டு, பணம் கேட்கும் குறிப்பு ஒன்று திரையில் வந்தால் உடனே வலைக் கம்பியைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள். வேறொரு கணினியிலிருந்து சேருமிடத்தின் பாஸ்வேர்டையும் சாவிகளையும் மாற்றுங்கள். ஷெடியூலை நிறுத்துங்கள், பழைய நல்ல பிரதியின் மேல் புதியது எழுதக்கூடாது. வெளி டிஸ்கை அந்தக் கணினியில் செருக வேண்டாம். பிறகு ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கு (இணையப் பாதுகாப்புக்கான தேசிய அமைப்பு) அறிவித்து, அனுபவமுள்ள ஒருவரை வரவழையுங்கள். அவர் வந்து பார்க்கும் வரை விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டாம், பூட்டிய ஃபைல்களையும் அழிக்க வேண்டாம்.